பின்னால் ஒட்டிய குசினி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை சிறுநீர் அவசரத்தில் பிறந்தது. மெல்பனுக்கு வெளியே கழிப்பறை தேடிக் காரைத் திருப்பினால், கூரான வளைவு ஜன்னலும் செங்குத்துக் கூரையுமாக ஒரு குட்டி வீடு. நூற்றைம்பது வருடத்துக்கு முன், போக்கற்றவர்களிடம் வேலை வாங்கிக்கொண்டு சோறு போட்ட காப்பகத்தின் வாயிற்காவல் வீடு.* காப்பகம் போய்விட்டது. காவல் வீடு மட்டும் மிச்சம்.

“கோதிக் கூரையின் நிழலில் ஒரு வெள்ளை உருவம்—”

[வேண்டாம். மெல்பன் குளிரை நம் பேய்கள் தாங்கா.]

2

ஆகவே பேய்க்குப் பதில் ஹம்சா. சென்னையில் படித்தவள், பழைய கட்டடங்களில் எதைக் காப்பது, எதை அகற்றுவது என்று அறிக்கை எழுதுவது அவள் வேலை. வீட்டின் அறைகளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. பின்சுவரில் மட்டும் தகரத்தால் ஒட்டிய ஒரு குசினி. கட்டியவர் காவலாள் கதிர்காமநாதன். இலங்கையிலிருந்து வந்து பதின்மூன்று வருடமாக விசாவுக்குக் காத்திருப்பவருக்குச் சமையலும் படுக்கையும் அதற்குள்தான்.

(அவரைக் கொஞ்சம் அழவைத்துப் பார்த்தேன். மறுத்துவிட்டார்.)

3

வேலைத்தலத்தில் பாதுகாப்புப் பூட்ஸைக் கழற்றக்கூடாது என்பது விதி. ஹம்சா அதைக் குசினி வாசலில் கழற்றிவிட்டுத்தான் நுழைந்தாள். சோறு கொதிக்கும் இடத்துக்குள் பூட்ஸோடா போவது?

“அந்தக் கதிரையில இருங்கோ பிள்ளை. ஆடும், ஆனா விழாது.”

“பரவால்ல அங்கிள். இந்தத் தகரத்துலேருந்து வழியுற தண்ணி பழைய சுவத்த அரிக்குது, பாத்தீங்களா?”

“ஓம். வாளி வச்சும் பாத்தனான். மழை கேக்குதில்லை.”

“இத அப்படியே எழுதினா…”

“உள்ளதை எழுதுங்கோ. பிறகு வந்து ஒட்டினது எண்டு. நானும் இந்த நாட்டில அப்பிடித்தானே!”

சிரித்தபடி தேத்தண்ணியை நீட்டினார். ஹம்சா சிரிக்கவில்லை. அந்தக் கூரான ஜன்னல் வழியாகத்தான் அன்றைய காவலர் ஆளை அளந்து, உள்ளே விடுவதா என்று முடிவு செய்வார். இன்று காப்பதா அகற்றுவதா என்று கேட்கும் படிவம் இவள் மடியில்.

4

முடிவு ஒன்று: ‘அகற்றுக’ என்று எழுதுகிறாள். சுவர் பிழைக்கிறது. போக்கற்றவர்களுக்காகக் கட்டியது என்று வாசலில் பலகை தொங்குகிறது. கதிர்காமநாதன் அதைப் படித்துவிட்டுப் பையைத் தூக்குகிறார்.

முடிவு இரண்டு: ‘காக்க’. அவர் இருக்கிறார். சுவர், மழைக்கு ஒரு கல்லாக உதிர்ந்து—

முடிவு மூன்று: தபாலில் விசா வருகிறது. [எனக்கே சிரிப்பு வருகிறது. அழிக்கத்தான் கை வரவில்லை.]

5

படிவத்தில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. நான் எழுதினால் மூன்றாவதைத்தான் எழுதுவேன். அதனால் பேனாவை உங்களிடம் தருகிறேன்.

மழை தூறத் தொடங்கிவிட்டது.

“நனையப்போகுது பிள்ளை” என்று கதிர்காமநாதன் எழுந்து போய், ஹம்சாவின் பூட்ஸை இரண்டு கையாலும் தூக்கிவந்து, தன் படுக்கையோரம் ஒழுகாத மூலையில் வைக்கிறார்.

இனி நீங்கள் எழுதுங்கள்.

* கழிப்பறை கிடைத்ததா என்று கவலைப்பட்டவர்களுக்கு: கிடைத்தது. கதவைத் திறந்துவிட்டவரின் பெயரை மாற்றியிருக்கிறேன்.