கூட்டத்தோடு கூட்டமாக ஒரு மாமனார்

பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவருக்கு ஒரு சங்கடம். சொந்தக்காரர்கள் யாராவது, "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டால், "சுற்றுலாத் துறை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். வெளியூர் ஆட்களைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பெரிய நகரத்தைச் சுற்றிக் காட்டுவதுதான் மாப்பிள்ளையின் வேலை. அதை உள்ளபடி சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மனைவியோடு மகளின் வீட்டில் வந்து தங்கியிருந்த சமயம் ஒரு நாள் காலையில், சத்தம் காட்டாமல் கேன்வாஸ் ஷூவை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"சும்மா, காலாற நடந்துட்டு வரேன்."

"நடக்கிறதுக்கு எதுக்கு பேன்ட்டுல ரப்பர் பேண்டு? மாப்பிள்ளையை வேவு பாக்கப் போறீங்கன்னு நேரா சொல்ல வேண்டியதுதானே."

அவர் காது கேட்காதவர் மாதிரி இறங்கிப் போய்விட்டார்.

பூங்கா வாசலில் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, அக்கா தங்கைகள் போல இருந்த நாலைந்து பெண்கள், விடுமுறையில் வந்த ஒரு நர்ஸம்மா என்று ஒரு சின்னக் கூட்டம். குனிந்து பிரேக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை நிமிர்ந்தார். கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது.

"மாமா, நீங்களா?"

"நான் மாமா இல்ல. டிக்கெட் வாங்கின ஆளு," என்றார் மாஸ்டர், குரலைத் தாழ்த்தி. "எல்லாருக்கும் என்ன காட்டுவீங்களோ அதையே எனக்கும் காட்டுங்க. போதும்."

மாப்பிள்ளை குனிந்து ஸ்பேனரை எடுத்தார். பிறகு, "சீட்டைக் கொஞ்சம் ஒசத்தி வைக்கிறேன் சார். முட்டிக்கு நல்லது," என்றார்.

முட்டி வலி சங்கதி இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தபடியே மாஸ்டர் ஏறி உட்கார்ந்தார்.

கூட்டம் கிளம்பியது. அச்சகங்கள் இருந்த சந்து வழியாக மை வாசனையில் போனார்கள். பூட்டுக் கடைகள், நின்றுபோன கடிகாரக் கோபுரம், லாரிகள் மூட்டை இறக்கும் சந்தையின் பின்வாசல். எங்கே போனாலும் யாராவது ஒருவர் மாப்பிள்ளைக்குக் கையசைத்தார்கள். பெரிய நாற்சந்தியில் அவர் தன் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, பஸ் டிரைவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். உறுமிக்கொண்டிருந்த பஸ் அப்படியே நின்றது. கடைசி ஆள் கடந்த பிறகுதான் அவர் பெடலை மிதித்தார்; போகும்போதும் யாரும் பின்தங்கிவிடாமல் அடிக்கடி திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் இடங்களைப் பார்த்ததைவிட அந்த முதுகைத்தான் அதிகம் பார்த்தார். பிள்ளைகளை வெளியூர் போட்டிக்குக் கூட்டிப்போகும்போது அவரும் இப்படித்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார்.

ஆற்றங்கரையில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. மாப்பிள்ளை அங்கே நிற்காமல் தாண்டப் பார்த்தார்.

"தம்பி, இங்க ஒரு கதை சொல்வீங்களே," என்றார் நர்ஸம்மா. "போன தடவை கேட்டேன். அந்த மாமனார் கதை. அதுக்காகத்தான் மறுபடியும் வந்தேன்."

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. "இன்னைக்கு நேரமாயிடுச்சுங்க."

"சொல்லுங்களேன்," என்றார் மாஸ்டர். "நானும் கேக்கிறேன்."

தப்பிக்க வழியில்லை. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார். "இந்த பெஞ்சுலதான் ஒரு பொண்ணுகிட்ட என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேட்டேன். எங்கப்பாகிட்ட கேளுங்கன்னு சொல்லிட்டா. போனேன். அவரு ஒரு பி.டி. மாஸ்டர். வந்த விஷயத்தைச் சொன்னதும் என்னை மைதானத்தைச் சுத்தி ஓட விட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஓடச் சொல்லல," என்றார் மாஸ்டர், தன்னை மறந்து. "நடந்துகிட்டே பேசலாம்னுதான் சொன்னேன். நீங்களா பயந்து ஓடினீங்க."

சிரிப்பு சட்டென்று நின்றது. நர்ஸம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப, அவரு நீங்கதானா?"

"நான்தான்," என்றார் மாஸ்டர். "மிச்சத்தையும் சொல்லுங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கு மூச்சு வாங்கிச்சு. இவரே போய்த் தண்ணி கொண்டு வந்து குடுத்தாரு. சம்பளம் கேப்பாரு, சொத்து கேப்பாருன்னு நெனச்சேன். ஒண்ணும் கேக்கல. என் பொண்ணுக்கு இருட்டுன்னா பயம், கரண்ட் போனா அவ பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே இருப்பீங்களான்னு மட்டும் கேட்டாரு. இருப்பேன்னு சொன்னேன். அவ்வளவுதான், கல்யாணம் முடிவாயிடுச்சு."

அப்படிக் கேட்டதே மாஸ்டருக்கு மறந்து போயிருந்தது. தினம் தினம் முன்பின் தெரியாத ஆட்களிடம் மாப்பிள்ளை தன்னைப் பற்றி இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாரா? கண் கரித்தது. ஆற்றுக் காற்று என்று கைக்குட்டையை எடுத்தார்.

"இப்பவும் பேசுறீங்களா?" என்று கேட்டார் மெதுவாக.

"நான் எங்க மாமா பேசுறது? அவதான் பேசுறா. கரண்ட் இருக்கும்போதும் பேசுறா."

மாஸ்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். அக்கா தங்கைகளில் ஒருத்தி இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்துப் படம் எடுத்தாள்.

திரும்பும் வழியில் மாஸ்டர் தானாகவே வரிசையின் கடைசிக்குப் போனார். அந்தப் புது ஜோடி பேச்சு சுவாரஸ்யத்தில் நடுரோட்டுக்கு நகர்ந்தபோது, "ரெண்டு பேரும் ஓரமா வாங்க. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்," என்று ஒரு அதட்டல் போட்டார். முன்னால் போன மாப்பிள்ளை திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். அதற்கப்புறம் அவர் அடிக்கடி திரும்பவில்லை.

பூங்கா வாசலில் சைக்கிளை ஒப்படைக்கும்போது மாஸ்டர் கேட்டார். "நாளைக்கு எப்பக் கிளம்புறீங்க?"

"இதே நேரம்தான். ஆனா அதே ரூட்டுதான் மாமா. பாத்த இடத்தையே மறுபடி பாக்கணுமா?"

"இடத்தை யாரு பாத்தா," என்றார் மாஸ்டர். "கடைசியில வர்றதுக்கு உங்களுக்கு ஒரு ஆள் வேணாமா?"

வேண்டும் என்றார் மாப்பிள்ளை.