துண்டின் மேல் போட்ட பழி

அன்ரனின் வலது கட்டைவிரல் முதலில் நொந்தது, பிறகு விறைத்தது, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போனது. கிளாரினெட்டின் பாரம் முழுவதும் அந்த ஒரு விரலில்தான் நிற்கும். ஒரு செத்தவீட்டில், சவப்பெட்டி வாசற்படலை தாண்டும்போது மற்ற விரல்களும் சொன்னபடி கேட்கவில்லை. துளை சரியாக மூடாமல் வாத்தியம் கீச்சிட்டது. அழுதுகொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

காரணம் ஊருக்கே தெரியும். அன்ரனின் முழங்கைக்குள் ஷெல் துண்டு ஒன்று கிடக்கிறது. சின்ன வயதில் முள்ளிவாய்க்காலில் ஏறியது. அதே ஷெல்லில்தான் தகப்பன் இராயப்பு போனார். அன்றிலிருந்து அன்ரனுக்கு எது சரிவராவிட்டாலும் பழி அந்தத் துண்டின் மேல்தான். எழுத்து கோணலாகப் போனதற்கும் அதுதான், சோதினை பெயிலானதற்கும் அதுதான், மீன்பிடிக்கக் கடலுக்குப் போகாமல் விட்டதற்கும் அதுதான். யாரும் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை. ஷெல் துண்டை அங்கே பீஸ் என்பார்கள்; உடம்பில் பீஸ் உள்ள ஒருவராவது இல்லாத குடும்பம் குறைவு. ஒருவருடைய பீஸை இன்னொருவர் சந்தேகப்படும் வழக்கமும் இல்லை.

"வெட்டி எடுத்தால்தான் சரிவரும்" என்று தாய் சுசிலா ஒப்பரேஷனுக்குத் திகதி வாங்கிவிட்டாள். வெட்டினால் கை கட்டோடு கிடக்கும். மாதா பெருநாள் முடிந்த கையோடுதான் திகதி. ஆனால் விரல்கள் இப்படியே இருந்தால் பெருநாளில் மாதா சிலைக்குப் பின்னால் வாசிக்க அவனுக்கு இடமில்லை. பாண்ட் மாஸ்டர் நிரஞ்சன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"மாதா சுருவத்துக்குப் பின்னாலை கீச்சிட்டுக்கொண்டு போகேலாது அன்ரன். ஏலாதெண்டால் சொல்லு, வேறை ஆளைப் பிடிக்கிறன். பிறகு கோவிக்கிறேல்லை."

அன்ரனுக்கு வேறு எதுவும் வராது. அந்தக் குழல் ஒன்றுதான்.

வெட்டுவதற்கு முன்பு பிசியோதெரபியில் காட்டச் சொன்னார்கள். கிளிநொச்சிக்குப் போனான். அங்கே இருந்தவள் பிரஷாந்தினி, துணுக்காய்ப் பக்கத்துப் பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரல் விரலாக அமத்திப் பார்த்தாள்.

"வாத்தியம் கொண்டுவந்தனீங்களோ?"

"ஓம் மிஸ்."

"வாசியுங்கோ பாப்பம்."

"இஞ்சையோ?"

"பின்னை, றோட்டிலையோ?"

எழுந்து நின்று வாசித்தான். கைப்பழக்கத்தில் வந்தது, செத்தவரைப் புதைக்கச் சேமக்காலைக்குக் கொண்டுபோகும்போது வாசிக்கும் பாட்டு. வெளியே நோயாளிகள் இருக்கும் நீள வாங்கில் காலைத் தூக்கி வைத்திருந்த அப்புத்துரைக் கிழவர் கத்தினார்.

"டேய் தம்பி, நான் முழங்காலுக்குத்தான் வந்தனான். அவசரப்படாதை!"

வாங்கு முழுக்கச் சிரித்தது. "நல்லாத்தானே வாசிக்கிறான், இப்பவே சொல்லி வையுங்கோவன் அப்பு" என்றாள் பக்கத்தில் இருந்த ஒருத்தி.

பிரஷாந்தினி சிரிக்கவில்லை. அவனுடைய நகங்கள் வெளிறிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கையை நீட்டினாள். "துளையிலை அமத்திற மாதிரி இதிலை அமத்துங்கோ."

அமத்தினான்.

"ஆ! என்ன, ஆரின்ரையும் கழுத்தை நெரிக்கிறீங்களோ? ஃபோனைத் தட்டுற அளவு காணும்."

கதிரையில் இருத்தி, குழலின் விரிந்த கீழ் முனையை முழங்கால்களில் தாங்க வைத்தாள். மெல்ல வாசித்தான். சத்தம் குறையவில்லை. நோவு இருந்தது, ஆனால் ஏறவில்லை.

"அப்ப பீஸ்?"

"அது ஒரு பக்கத்திலை சும்மா கிடக்குது. விரல் விறைக்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் இறுக்கிப் பிடிக்கிறீங்கள், அவ்வளவுதான். கழுத்திலை பட்டி போட்டுப் பாரத்தைக் குறையுங்கோ. நொந்தால் நிப்பாட்டுங்கோ."

டொக்டரும் பார்த்துவிட்டு வெட்டத் தேவையில்லை என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அன்ரன் சந்தோஷப்பட்டுப் பார்த்தான், வரவில்லை. பஸ்ஸில் முழங்கையைத் தடவினான். துண்டு தோலுக்கடியில் தன் பாட்டுக்குக் கிடந்தது. விரலுக்கு அது காரணம் இல்லையென்றால், எழுத்துக்கு? சோதினைக்கு? கடலுக்கு? மேற்கொண்டு யோசிக்காமல் வெளியே பார்த்தான். விசுவமடு போனது. வயல்கள் போயின.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. பழைய பையின் வாரை வெட்டிக் கழுத்துப் பட்டி தைத்துக்கொண்டான். விரல்களைத் தளர்த்திப் பழகினான். மறந்து இறுக்கினால் கட்டைவிரல் உடனே சொல்லிக் கொடுத்தது.

பெருநாளில் மாதா சிலையோடு ஊரைச் சுற்றிவந்த சுற்றுப்பிரகாரத்தில் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசித்தான். ஒரு கீச்சும் இல்லை. "என்னடா, பீஸ் இண்டைக்கு லீவோ?" என்றார் நிரஞ்சன். வேலியோரம் நின்ற பெண்கள், "பாவம், பீஸோடையும் வாசிக்கிறான்" என்றார்கள். அவன் யாரையும் திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சுசிலா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு உடுப்பு எடுத்து வைக்கட்டோ?"

"வேண்டாமம்மா. வெட்டத் தேவையில்லையாம்."

"ஏன்? பீஸாலைதானே கை..."

"பீஸாலை இல்லை. நான் இறுக்கிப் பிடிச்சனான்."

கத்தி நின்றது. "அப்ப முந்தியெல்லாம்?"

"தெரியாது. அதுவும் நான்தான் போலை."

சுசிலா அவனைப் பார்க்கவில்லை, அவன் முழங்கையைப் பார்த்தாள்.

"உன்ரை அப்பாவைச் சாகடிச்சதடா அது. அதிலை ஒரு பிழையும் இல்லையெண்டு சொல்லுறியோ?"

"நான் விரலை மட்டுந்தான் சொல்லுறன்" என்றான் அன்ரன்.

அவள் மீனைப் புரட்டிப் போட்டு மற்றப் பக்கத்துச் செதிலை உரசத் தொடங்கினாள்.