ஒரு சொட்டுகூடக் கீழே விழாத வண்டி

கூடப் பிறந்தவன் கொடுத்ததை நம்பாமல் வேறு எவன் கொடுத்ததை நம்புவது, சொல்லுங்கள் பார்க்கலாம். இந்த நர்ஸ் நம்பினாள். அதைப் போய்த் தப்பு என்று சொல்கிறவர்கள் ஒற்றைப் பிள்ளையாய்ப் பிறந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்க் கவனிக்கிற வேலை அவளுக்கு. புருஷன் அவளையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஓடிப்போன சமயம், ஆறுதல் சொல்ல வந்தவர்களெல்லாம் "இனிமே என்னடி பண்ணப் போற?" என்றுதான் கேட்டார்கள். "எனக்கு எங்கண்ணன் இருக்கான்" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். வாய் வார்த்தையாகவும் அது நிற்கவில்லை. அண்ணன் பழைய கார் வாங்கி விற்கிறவன். மகள் பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்தபின், குடும்பம் மொத்தமும் கூடியிருந்த ஒரு நாள், பளபளவென்று கழுவிய கார் ஒன்றை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தான். "என் தங்கச்சி பஸ்ஸுக்குக் கால் கடுக்க நிக்கக் கூடாது" என்றான். பானெட்டைத் திறந்து காட்டினான். உள்ளே எஞ்சினும் குளித்துத் தலைசீவிய மாதிரி இருந்தது. அவள் அங்கேயே அழுதுவிட்டாள். அன்றிலிருந்து உறவுக்காரர்கள் அவனை வள்ளல் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

வள்ளல் அதோடு விட்டானா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். ஒரு பழைய பாயை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்துகொள்வான். வெளியே வந்ததும் ஒரு கேனிலிருந்து எஞ்சினுக்குக் கொஞ்சம் ஆயில் ஊற்றுவான். "எதுக்குண்ணா வாரா வாரம்?" என்று கேட்டால், "வண்டின்னா கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். உன் வீட்டுக்காரன் குடிச்ச அளவுக்கு இல்ல" என்பான். அவளும் சிரித்துக்கொண்டு டீ போட உள்ளே போவாள். அவனேதான் அவளுக்கு ஒரு பாடமும் சொல்லிக் கொடுத்தான்: "தினம் காலையில வண்டி நின்ன இடத்தைப் பாரு. ஆயில் ஒழுகினா தரை காட்டிக் குடுத்துடும்." அவள் தினமும் பார்த்தாள். துடைத்து வைத்த மாதிரி இருந்தது தரை, ஒரு சொட்டு இல்லை. அண்ணன் தேடிக் கொடுத்த வண்டியாச்சே என்று பெருமையோடு மகளைப் பின்சீட்டில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விடுவாள்.

போன மாதம் வியாபார வேலையாக அவன் வெளியூர் போனான். ஞாயிறுகள் அவன் இல்லாமலே கழிந்தன. அந்தச் சமயத்தில்தான் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற நாள் வந்தது. அம்மா இருப்பது அண்ணன் வீட்டில். எங்கே போவதானாலும் அவனுடைய புதுக் காரில்தான் போவாள். "அவன் வந்தப்புறம் போலாமே" என்று அம்மா இழுத்தாள். "ஏன், என் வண்டி வண்டியா தெரியலையா?" என்று சொல்லி அவளைப் பின்னால் மகள் பக்கத்தில் உட்கார வைத்துப் புறப்பட்டாள் நர்ஸ். அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. ஏற்றுவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

மேம்பாலம் இறங்கும்போது ஏதோ தீய்கிற வாடை வந்தது. "அடுப்புல எதையாவது வெச்சிட்டு வந்துட்டியா?" என்றாள் அம்மா. காரில் ஏது அடுப்பு என்று சொல்ல நர்ஸ் வாயெடுக்கும்போதே, முன்னால் ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. பானெட் இடுக்கிலிருந்து நீலமாகப் புகை கிளம்பியது. அந்த விளக்கு எரிந்தபின் ஓட்டுகிற ஒவ்வொரு அடியும் எஞ்சினுக்கு எமன் என்று அவளுக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச தூரம்தானே, ஆஸ்பத்திரி வந்துவிடும் என்று ஆசை காட்டிய மனத்தின் பேச்சைக் கேட்காமல், வண்டியை ஓரங்கட்டி உடனே எஞ்சினை நிறுத்தினாள். மகள் தானே கதவைத் திறந்து குதித்துவிட்டாள். அம்மாவை இறக்குவதற்குள் நர்ஸுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இருவரையும் வண்டியை விட்டுத் தள்ளி ஒரு கடை வாசலில் உட்கார வைத்தாள்.

புகை அடங்கிச் சூடு தணியும்வரை காத்திருந்துவிட்டுப் பானெட்டைத் திறந்தாள். ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தாள். நுனியில்கூட ஈரம் இல்லை. வண்டிக்குப் பின்னால் ரோடு நெடுகக் கறுப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. குனிந்து செல்போன் வெளிச்சத்தை அடியில் அடித்தாள். அடியை மூடியிருக்கிற பிளாஸ்டிக் தகடு ஆயிலில் ஊறி ஒருபக்கம் பிய்ந்து தொங்கியது. அதற்கு மேலே, எஞ்சினோடு சேர்த்துக் கம்பியால் கட்டப்பட்டு ஒரு தகர டப்பா இருந்தது. பாதியாக வெட்டிய டப்பா. உள்ளே பஞ்சு திணித்திருந்தது. விளிம்புவரை நிறைந்த ஆயில் புகைக் குழாய்மேல் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒழுகுகிற எஞ்சினைச் சரிசெய்யாமல், கீழே சொட்டாதபடி டப்பா கட்டித் தலையில் கட்டியிருக்கிறான் எவனோ ஒரு பாவி! அப்போதும் அவள் நினைத்தது என்ன தெரியுமா? அண்ணனை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று. பாவம், வெள்ளை மனசு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருக்கிறான். அவனுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டே போன் போட்டாள். அம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அண்ணா, இந்த வண்டிய உனக்கு வித்தவன் உன்ன நல்லா ஏமாத்திட்டான். அடியில டப்பா கட்டி விட்டிருக்காண்ணா."

டப்பா எது என்று அவன் கேட்கவில்லை.

"எஞ்சின நிறுத்திட்டியா?" என்றான். "மறுபடி ஸ்டார்ட் பண்ணிடாத. எங்க நிக்கிற?"

"பாலத்துக்குக் கீழ. அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு..."

"அம்மாவா?" அவன் குரல் உடைந்தது. "அம்மாவ ஏன் அந்த வண்டியில ஏத்துன? இத்தன நாள் நான் ஒருதடவையாவது ஏத்தினேனா?"

சொல்லிவிட்டான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன்? பாயை விரித்துக்கொண்டு அவன் வாரா வாரம் எதற்கு அடியில் நுழைந்தான் என்று அவளுக்கு அந்த நிமிஷம் விளங்கியது. டப்பாவைக் காலி செய்ய வந்திருக்கிறான். அவள் அதற்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"உனக்கு எப்பலேர்ந்துண்ணா தெரியும்?"

"இதெல்லாம் எங்க தொழில்ல சகஜம்மா. எஞ்சின மொத்தமா இறக்கினாத்தான் அந்த ஒழுகல் நிக்கும். அந்த நெலமையில வண்டி விக்கவும் விக்காது. எல்லார் முன்னாடியும் குடுத்துட்டேன், அப்புறம் எப்படி வாயத் திறக்கறது? அதான் நானே வந்து பாத்துக்கிட்டேனே. தானமாக் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்மா."

"பல்ல நான் பாக்கவே இல்லண்ணா. ஆனா அது முட்டுற மாடுன்னு உனக்குத் தெரியும்."

அவள் கடை வாசலில் இருந்த மகளைப் பார்த்தாள்.

"என் பொண்ணு தினமும் இதுலதான் போறா" என்றாள் அவள்.

"பாப்பா சின்னப் பொண்ணு. ஒண்ணுன்னா டக்குன்னு குதிச்சு இறங்கிடும். அம்மாவால முடியாதேன்னுதான்..."

இதையும் யோசித்து வைத்திருக்கிறான் பாருங்கள்! தீப்பிடித்தால் யார் இறங்குவார்கள், யாரால் இறங்க முடியாது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறான். அதற்குப் பிறகும் தூக்கம் வந்திருக்கிறது அவனுக்கு. புருஷன் போனபோதுகூட அவளுக்கு இப்படி வலிக்கவில்லை. அவன் அன்னியன், போனான். இவன் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன்.

"சரி விடு, நான் நம்ம மெக்கானிக்க அனுப்பறேன்" என்று அவன் தொடர்ந்தான். "வெளியாளுங்க யாருக்கும் காட்டாத. சொந்தக்காரங்க காதுக்குப் போச்சுன்னா என் பேரு..."

அவள் போனை அணைத்தாள்.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகனை ஒரு சொல் சொன்னால் பொறுக்காதவள். அவன் குற்றத்துக்கெல்லாம் காரணம் கண்டுபிடித்துத் தருவதில் கெட்டிக்காரி. இப்போதும், "அவன் ஏதோ..." என்று ஆரம்பித்தாள். பக்கத்தில் காலை ஆட்டிக்கொண்டிருந்த பேத்தியைப் பார்த்தாள்.

பழுதான வண்டிகளை ஏற்றிப் போகிற லாரியை நர்ஸ் தானே தேடிக் கூப்பிட்டாள். வந்த டிரைவர் நல்ல மாதிரி ஆள். சிந்திய ஆயில்மேல் பைக் ஏதாவது வழுக்கிவிடப் போகிறதென்று மண்ணை அள்ளிப் போட்டான். காரைச் சங்கிலி போட்டு இழுத்து மேலே ஏற்றினான். அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லவேளைக்கா, எஞ்சின ஆஃப் பண்ணீங்க. நிறுத்தாம ஓட்டியிருந்தா மொத்தமும் பத்திக்கிட்டிருக்கும்" என்றான். அப்புறம் வயதான அம்மாவையும் சின்னப் பெண்ணையும் பார்த்துவிட்டு, "துணைக்கு யாரையாவது வரச் சொல்லட்டுமாக்கா? அண்ணன், தம்பி?" என்று கேட்டான்.

"எனக்கு அப்படி யாரும் இல்லப்பா" என்றாள் நர்ஸ்.

"மாமா இருக்காரேம்மா" என்றாள் மகள்.

டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அம்மாதான் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். பேத்தியின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"இல்லம்மா" என்றாள். "வா, நாம லாரியில ஏறுவோம்."