ஓடுபாதையில் மாமியார்

போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிப் போன ஓடுபாதை அது. போர் முடிந்ததும் ராணுவம் மூட்டை கட்டியது. அப்புறம் அங்கே ஆடு மேய்ந்தது, பைக் பந்தயம் நடந்தது, கடைசியில் மருமகளின் டிரைவிங் ஸ்கூல் வந்து சேர்ந்தது. முட்டிக்கொள்ளச் சுவரோ மரமோ இல்லாத இடம் என்ற தைரியத்தில்தான், மாமியாருக்குக் கார் ஓட்டக் கற்றுத்தர அவள் ஒப்புக்கொண்டாள்.

“அத்தை, கண்ணாடியையும் கொஞ்சம் பாருங்க.”

“பாத்துட்டுதான் இருக்கேன். பின்னால ஒருத்தன் ரொம்ப ஒட்டி வர்றான். ரெக்கை வேற வச்சிருக்கான்.”

மருமகள் திரும்பிப் பார்த்தாள். ஒரு குட்டி விமானம் என்ஜின் சத்தமே இல்லாமல் அவர்களை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

“உடனே புல்லுல இறக்குங்க அத்தை.”

மாமியார் அலட்டிக்கொள்ளாமல் சிக்னல் போட்டு, காரைப் புல்லில் இறக்கினார். விமானம் உரசாத குறையாகக் கடந்து, குதித்துக் குதித்து ஓடி நின்றது.

விமானி இறங்கி வந்தார். “நடுவானத்துல என்ஜின் நின்னுபோச்சும்மா. பழைய மேப்ல இந்த ஓடுபாதை இருந்துச்சு. அதை நம்பித்தான் வந்தேன்.”

“அதுக்காக ஹாரன் கூட அடிக்காம வர்றதா?” என்ற மாமியார், அவர் முகம் வெளிறியிருப்பதைக் கண்டு இளகினார். “சரி, ஏறுங்க. ஆஸ்பத்திரில விடறேன்.”

“நீங்க இன்னும் ரோட்டுல ஓட்டினதே இல்லையே அத்தை.”

“இன்னிக்கு ஓட்டறேன்.”

விமானத்துக்கே வழிவிட்டவரை நம்பி, மருமகள் பக்கத்து சீட்டில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பின்சீட்டில் உட்கார்ந்த விமானிதான், முதல் வளைவிலேயே கண்ணை மூடிக்கொண்டார்.