எந்த வழியாப் போனீங்க?

டாக்ஸியின் மேல் கேரியரிலிருந்து வாடகை நாற்காலிகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தபோது, பதின்மூன்றாவது ஆளும் அதையே கேட்டார்.

"எந்த வழியாப் போனீங்க?"

"பெரிய ரோட்டுல" என்றார் டாக்ஸிக்காரர்.

கேட்டவர் நிம்மதியாக மூச்சு விட்டு, அவர் தோளைத் தட்டினார். "அதான் சரி. லாரி குறுக்கே சாயும்னு நாம கனவா கண்டோம்?" சொல்லிவிட்டு, இறக்கிய நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

வாசலில் கூடியிருந்த எல்லோருக்கும் அந்தப் பதில் பிடித்திருந்தது. உள்ளே கூடத்தில் படுத்திருந்தவளுக்குப் பிடித்திருக்குமா என்பதுதான் தெரியவில்லை.

டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்குப் பெயரே 'சந்து'தான். தெருமுனையிலிருந்து ஆஸ்பத்திரி வரை போகும் ஒரு சந்தை அவர் ஏறக்குறையக் கட்டிக்கொண்டே வாழ்ந்தார். அந்தச் சந்தில் எதிரே பூனை வந்தால், ஒன்று பூனை மதில் ஏற வேண்டும், இல்லையென்றால் இவர் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். ஜன்னல் வழியாகக் கை நீட்டினால் இந்த வீட்டு அடுப்பில் பால் பொங்குவதை அணைத்துவிட்டு, அந்த வீட்டுக் குழந்தைக்கு மூக்கும் சிந்திவிடலாம். ஆனாலும் பெரிய ரோட்டில் இருபது நிமிஷம் பிடிப்பது, சந்தில் ஒன்பதே நிமிஷம். பத்துத் தடவையில் ஒரு தடவை எதிரே வண்டி வந்து மாட்டிக்கொள்வார். அந்த ஒரு தடவையைத்தான் அவர் மனைவி முப்பத்தோரு வருஷமாகச் சொல்லிக்காட்டினாள்.

"கல்யாணம் ஆன புதுசுல ஊர் சுத்திக் காட்டறேன்னு கூட்டிட்டுப் போனாரு. ஊர்ல இருக்கற எல்லார் வீட்டுக் கொல்லைப்புறமும் பாத்துட்டேன். ஒரு வீட்டு வாசலைக்கூட இன்னிய வரைக்கும் பாக்கல."

இதைச் சொல்லும்போது அவளே முதலில் சிரிப்பாள்.

நேற்றுக் காலை சிரிக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின் சீட்டில் சாய்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. ஆம்புலன்ஸ் வர அரை மணி ஆகும் என்றதால் இவரே வண்டியை எடுத்தார். தெருமுனை வந்தது. இடது பக்கம் சந்து, வலது பக்கம் பெரிய ரோடு.

"எது வழியாப் போகட்டும்?"

"நீங்கதான டிரைவர்" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

வலது பக்கம் ஒடித்தார். நாலு நிமிஷம் வண்டி பறந்தது. பிறகு எங்கோ முன்னால் தண்ணீர் லாரி ஒன்று அச்சு முறிந்து ரோட்டின் குறுக்கே படுத்துக்கொண்டது. முன்னால் நூறு வண்டி, பின்னால் இருநூறு. அவர் அடித்த ஹாரனுக்குச் செத்த லாரி எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நாற்பது நிமிஷம். அதன் நடுவில் பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க... உங்க சந்துலயே போயிருக்கக் கூடாதா?"

"இதோ, நகருதும்மா" என்றார். எதுவும் நகரவில்லை. அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவுமில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "இன்னும் கொஞ்சம் முன்னாடி..." என்று ஆரம்பித்து, இவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சந்தில் கடை வைத்திருக்கும் தையல்காரர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடே வந்து சேர்ந்தார். துக்கம் விசாரிக்கத் தெரியாத மனுஷர், நல்லவர்.

"நேத்து உங்களை எதிர்பார்த்தேண்ணே. சந்துல ஈ காக்கா இல்ல. நான் நட்டநடுவுல பாயைப் போட்டு உட்கார்ந்து ஒரு டஜன் சட்டைக்குப் பட்டன் தைச்சேன்னா பாத்துக்கங்க. பத்து மணியிலேர்ந்து ஒரு சைக்கிள்கூட..."

மகள் அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். திரும்பி வந்தபோது அப்பா டாக்ஸியின் பின் சீட்டில், கதவைத் திறந்து போட்டு, காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் அந்த சீட்டில் அவர் உட்கார்ந்ததே கிடையாது.

"அவர் ஏதோ உளர்றாரு, விடுங்கப்பா. யாரா இருந்தாலும் பெரிய ரோட்டுலதான் போயிருப்பாங்க."

"அதனாலதாம்மா போனேன்."

அவளுக்குப் புரியவில்லை.

"சந்துல போய் மாட்டியிருந்தேன்னா, அப்பக்கூட இந்தாளு சந்தை விடலையேன்னு ஊரே கேட்கும். பெரிய ரோட்டுல மாட்டினா ஒருத்தரும் கேட்கமாட்டாங்க." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முனையில வண்டியை ஒடிக்கறப்ப உங்கம்மா முகம் எனக்கு ஞாபகம் வரலை. கேள்வி கேட்கற உங்க மாமா முகம்தான் வந்துச்சு."

மகள் அவர் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் காலியான முன் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். மயானம் ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பக்கம். அமரர் ஊர்தியின் டிரைவர், சின்னப் பையன் மாதிரி இருந்தவர், பொதுவாகக் கேட்டார். "எது வழியாப் போகலாம்?"

"பெரிய ரோடுதான். இதுல என்ன கேள்வி?" என்றார் அந்த மாமா, மனைவியின் அண்ணன். பள்ளிக்கூட ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காற்றுகூட அவரைக் கேட்டுக்கொண்டுதான் அந்த வீட்டுக்குள் வீசும்.

"சந்து வழியா" என்றார் டாக்ஸிக்காரர்.

"மாப்ளே, இந்த வண்டி அதுல நுழையாது."

"நுழையும்."

"நுழையலேன்னா?"

"நுழையலேன்னா என்னைக் கேளுங்க."

அண்ணன் வாயைத் திறந்தார். மகள் அவரைப் பார்த்தாள். மூடிக்கொண்டார்.

டாக்ஸிக்காரர் வண்டியில் ஏறவில்லை. அதன் முன்னால் போய், அதைப் பார்த்தபடியே பின்பக்கமாக அடி வைத்து நடந்தார், இரண்டு உள்ளங்கையையும் காட்டி. "வா... வா... லேசா ஒடி... நேர் பண்ணு... வா." ஊர்தி அங்குலம் அங்குலமாக வந்தது. வாசற்படிகளில் இருந்தவர்கள் எழுந்து உள்ளே போய் நின்றார்கள். ஓரிடத்தில் பக்கக் கண்ணாடிகளை அவரே மடக்கிவிட்டார். இன்னோரிடத்தில் மதிலுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு விரல் நுழையவில்லை. ஆனாலும் வந்தது.

பாதிச் சந்தில் குறுக்கே யாரோ கட்டியிருந்த கொடி தாழ்ந்து தொங்கியது. அப்போதுதான் துவைத்துக் காயப்போட்ட சட்டைகள். அவர் எட்டிக் கொடியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, சுவரோடு ஒட்டி நின்றார்.

"வா" என்றார், மெதுவாக.

ஈரச் சட்டையின் கை ஒன்றிலிருந்து முகத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை.