ஒன்பது எழுத்துக் கட்டம்

மூன்று மணிக்கு வேல்விழி பழைய நாளிதழ்க் கட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். முன்னால் கடை, பின்னால் வீடு. கடைக்குப் பொட்டலத் தாள் கிழித்துக் கொடுப்பது மூன்று வருஷமாக அவள் வேலை. மர ஸ்கேலை மடிப்பில் வைத்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். மல்லிக்கு ஓர் அளவு, சீரகத்துக்கு ஓர் அளவு. கை தானாகச் செய்யும். கண்தான் தாள்களில் அலையும்.

ஆங்கில நாளிதழின் கடைசிக்கு முந்தைய பக்கத்தில் அந்தக் கட்டம் இருக்கும். ஒன்பது எழுத்துகள். நடு எழுத்து எல்லா வார்த்தையிலும் வர வேண்டும். எவ்வளவு நீளமான வார்த்தை பிடிக்கிறோமோ அவ்வளவு கெட்டிக்காரத்தனம். ஒன்பதையும் கொண்ட ஒரே வார்த்தை எங்கோ ஒளிந்திருக்கும். விடை மறுநாள் தாளில். அதற்காகவே அவள் கணவன் பேச்சிராஜா, பழைய பேப்பர் கடை செல்வினிடம் சொல்லிவைத்து, ஏதோ கப்பல் ஏஜென்சி அலுவலகத்திலிருந்து வரும் கட்டாகப் பார்த்து வாங்குவான். அங்கே யாரும் கட்டத்தைத் தொடுவதில்லை. தேதியும் வரிசையாக இருக்கும். இதை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. கட்டின் மேல் பேனா ஒன்றைச் செருகிவைத்துவிட்டுப் போவான், அவ்வளவுதான்.

இன்றைய எழுத்துகள் டி, ஏ, என், ஐ, ஆர், சி, இன்னொரு என், ஓ, ஈ. நடுவில் ஆர். 'ரியாக்‌ஷன்' வந்தது, 'கிரியேஷன்' வந்தது. இரண்டிலும் ஓர் 'என்' மிஞ்சியது. மறுநாள் தாளைத் தேடினாள். அது காலையிலேயே பொட்டலமாகி யார் வீட்டுக்கோ மல்லியோடு போயிருந்தது.

சுவர்க் கடிகாரம் மூன்றே முக்கால் காட்டியது. ஐந்து மணிக்குள் அவள் பதில் அனுப்ப வேண்டும். திருச்செந்தூர் சாலையில் ஒரு பள்ளிக்கூடம், ஆங்கில ஆசிரியை வேலை, திங்கட்கிழமை சேர வேண்டும். கடிதம் போனில் வந்து பத்து நாளாகிறது. "அம்மாட்ட நான் பேசுதேன், நீ பேசாம இரி" என்று பேச்சிராஜா சொல்லியும் பத்து நாள். முதல் நாள் அம்மாவுக்குத் தலைவலி. பிறகு கோயில் கொடை விழா. பிறகு சரக்கு வந்து இறங்கியது. சொல்லாமல் போய்விடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அவள் வாழவந்த வருஷமே பின்வாசலை அடைத்துக் கருப்பட்டிச் சிப்பங்களை அடுக்கிவிட்டார்கள். தெருவுக்குப் போக ஒரே வழி, கடையின் மேசையை ஒட்டிக் கீல் வைத்த பலகை. அதைத் தூக்கினால்தான் ஆள் நுழையலாம். அதன் பக்கத்து ஸ்டூலில் பேச்சிராஜாவின் அம்மா, அவள் அத்தை செல்லக்கனி. பலகை மேல் எப்போதும் கட்டி முடித்த பொட்டலங்கள். கோயிலுக்குப் போனாலும், தையல்காரரிடம் போனாலும், "எங்கன?" என்று ஒரு கேள்வி, பிறகு பொட்டலங்களை ஒவ்வொன்றாக நகர்த்துகிற அந்தத் தாமதம். அதற்கு அஞ்சியே அவள் போவதைக் குறைத்துக்கொண்டாள். அத்தை ஒருநாளும் போகாதே என்று சொன்னதில்லை. அதுதான் கஷ்டம். சண்டை போடவும் ஒன்றுமில்லை.

நாலரைக்குப் பேச்சிராஜா தாள் எடுக்க உள்ளே வந்தான்.

"சொல்லிட்டியளா?"

"கூட்டமா கெடக்கு வேலு. ராத்திரி சாப்புடயில சொல்லுதேன்."

"அஞ்சு மணிக்கு முன்னால அனுப்பணும் அத்தான்."

 அவன் தாள்களைத் தட்டி அடுக்கினான். அடுக்கிய தாளையே மறுபடி அடுக்கினான். பிறகு அவள் முழங்காலில் கிடந்த கட்டத்தைப் பார்த்தான்.

"கன்டெய்னர்" என்றான்.

அவள் எண்ணிப் பார்த்தாள். ஒன்பதும் சரியாக இருந்தது.

"ஏளா, எம்.ஏ. இங்கிலீஷ்! ஆளப் பாரு. முப்பத்தஞ்சு மார்க் எடுத்து தப்பிச்சவன் சொல்ல வேண்டியிருக்கு." அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கடைக்கு எதுக்க ஒரு நாளைக்கு எத்தன போவுது. லாரி முதுகுல இம்மாம் பெரிசா எழுதியிருக்கானே. அதக் கண்ணால பாத்தா போதாதா?"

"நான் அதப் பாத்து எத்தன நாளாச்சு?"

சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தாள். லாரிகள் அவளுக்குச் சத்தம் மட்டும்தான். தரையில் ஓடும் ஓர் அதிர்வு, அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டும் ஒலி. பேச்சிராஜாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. கருப்பட்டி அடுக்கியிருந்த பின்சுவரைப் பார்த்தான். பிறகு தாளை எடுக்காமலே முன்னால் போனான்.

"அம்மா, ஒரு வார்த்த."

"வெயில்ல அந்த மொளகாயத் தள்ளி வையி மொதல்ல."

"அது கெடக்கட்டும். வேலுக்கு..."

ஒரு லாரி வந்தது. டம்ளர்கள் முட்டின. அது கடந்து போனபோது அத்தையின் குரல் பாதியிலிருந்து கேட்டது.

"...இங்கன அவளுக்கு என்னல கொற?"

"கொறன்னு அவ சொல்லல. நாந்தான் சொல்லுதேன்."

 பிறகு தராசில் எதையோ கொட்டும் ஓசை. நாலு ஐம்பத்து மூன்று. வேல்விழி போனை எடுத்தாள். திங்கட்கிழமை சேர்கிறேன் என்று பத்து நாளாக எழுதி வைத்திருந்த இரண்டு வரி அப்படியே இருந்தது. அனுப்பிவிட்டாள். 

எழுந்து, மடியில் ஒட்டிய தாள் துணுக்குகளைத் தட்டிவிட்டு, பலகை வரை நடந்தாள். பேச்சிராஜா மிளகாய்ச் சாக்கைப் பிடித்தபடி நின்றான். அத்தை திரும்பவில்லை.

"எங்கன?"

"வாசலுக்குத்தான் அத்த."

"என்னத்துக்கு?"

"லாரி பாக்க."

செல்லக்கனி இப்போது திரும்பினாள். மருமகளின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். கோபமா என்று வேல்விழிக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு பொட்டலத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள், அதன் நூலைச் சரிபார்த்து, மெதுவாக, முதலாவதன் மேல் வைத்தாள். தூரத்தில் அடுத்த லாரி வளைவு திரும்பும் சத்தம் கேட்டது. தராசுத் தட்டு லேசாக நடுங்கத் தொடங்கியது. பலகை மேல் இன்னும் மூன்று பொட்டலங்கள் இருந்தன.