கதவு திறந்திருந்த இருபத்தாறு நிமிடம்

பத்து மணிக்கு மேல் நெல் பூக்கத் தொடங்கியது. பாலித்தீன் கூடாரத்துக்குள் இருநூற்று நாற்பது தொட்டிகள். எந்தக் கதிரில் உமி விரிந்து மகரந்தப் பை வெளியே தொங்குகிறதோ, அந்தக் கதிரின் கழுத்தில் பாப்பாயி சிவப்பு நூலைக் கட்டிக்கொண்டே போனாள். பின்னால் தேவதர்ஷினி தொட்டி எண்ணையும் நேரத்தையும் குறித்தாள். வியர்வை சொட்டிய இடங்களில் பென்சில் எழுதவில்லை. நடுவில் தொங்கிய வெப்பம் காட்டும் கருவி நாற்பது புள்ளி இரண்டு என்று காட்டியது.

வெளியே கொள்ளிடத்துக் காற்று வீசிக்கொண்டிருந்தது. அது உள்ளே வரக் கூடாது. வரப்போகும் வருடங்களின் வெயிலை இப்போதே கூடாரத்துக்குள் உண்டாக்கி, அதில் பதராகாமல் மணி பிடிக்கும் நெல் எது என்று பார்ப்பதுதான் ஆய்வு. பூக்கிற ஏழு நாளும் காலை பத்திலிருந்து மூன்று மணிவரை சூடு நாற்பதுக்குக் கீழே இறங்கக் கூடாது. அன்று ஐந்தாம் நாள்.

தேவதர்ஷினி முனைவர் பட்டம் வாங்கி ஐந்து வருடம் ஆகியிருந்தது. முந்தின இரண்டு திட்டங்களும் பாதியில் நின்றுபோயின. இது மூன்றாவது ஒப்பந்தம், மே மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பு ஆணை வந்திருக்கிறதா என்று காலையிலிருந்து நான்கு முறை போனைப் பார்த்துவிட்டாள். இப்போதும் கை பைக்குள் போனது.

"மேடம், கொஞ்சம் வெளிய போயிட்டு வரட்டுங்களா? கண்ணை இருட்டுது" என்றாள் பாப்பாயி.

"இன்னும் மூணு வரிசைதான்க்கா. பதினொன்றரைக்குள்ள பூ மூடிக்கும். முடிச்சிட்டுப் போயிடலாம்."

பாப்பாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த தொட்டிக்கு நகர்ந்தாள். இரண்டாவது வரிசையின் முனையில் நூல்கண்டு கை நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே தொட்டிகளுக்கிடையில் சரிந்தாள்.

தேவதர்ஷினி அவளை அக்குளில் பிடித்து இழுத்தாள். கூடாரத்துக்கு இரண்டு கதவுகள், ஒன்றை மூடிவிட்டுத்தான் மற்றொன்றைத் திறக்க வேண்டும். அவள் இரண்டையும் உதைத்துத் திறந்தாள். வேலையாட்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியண்ணன் குடத்தோடு ஓடிவந்தார். பாப்பாயியின் உடம்பு கொதித்தது, ஆனால் துளி வியர்வை இல்லை. "ஆட்டை அவுத்து விடு, ஆட்டை அவுத்து விடு" என்று உளறினாள். ஈரச் சாக்கைப் போர்த்தி ஆட்டோவில் ஏற்றினார்கள்.

ஆட்டோ போன பிறகுதான் தேவதர்ஷினி திரும்பிப் பார்த்தாள். இரண்டு கதவுகளும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. கருவி முப்பத்தைந்தில் நின்றது.

மாலையில் திட்டத்தின் தலைமை விஞ்ஞானி கோதைநாயகி கூப்பிட்டார்.

"அவ எப்படி இருக்கா?"

"டிரிப்ஸ் ஏறுது மேடம். நினைவு வந்திருச்சு."

"நல்ல வேளை." கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். நேராகப் போன கோடு பதினொன்றே காலுக்குப் பள்ளத்தில் இறங்கி, வெகு நேரம் கழித்து ஏறியிருந்தது. "இருபத்தாறு நிமிஷம், தர்ஷினி."

"தூக்கிட்டு வரணும்னா ரெண்டையும் திறந்துதான் மேடம்..."

"திறந்ததைத் தப்புன்னு சொல்லலை. மூடலையே. அடுத்த மாசம் கமிட்டி வரது. இந்தத் தொட்டியெல்லாம் போச்சு, அடுத்த செட் பூக்கறதுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. அவாளுக்கு நான் பதில் சொல்லணும். உன் எக்ஸ்டென்ஷனும் அதோட சேர்ந்ததுதான். ரிப்போர்ட் எழுதிக் குடு."

தேவதர்ஷினி அங்கேயே போனில் எழுதிக் காட்டினாள். நாற்பது டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம் தொடர்ந்து வேலை செய்ததால் மயக்கம் என்று இருந்தது. கோதைநாயகி கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்படிப் போட்டா கூடாரத்துல ஆளே விடக் கூடாதுன்னுடுவா. காலம்பற அவ சாப்பிட்டாளா?"

"தெரியல மேடம்."

"கேளு. அதையும் எழுதணுமோல்லியோ?"

ஆஸ்பத்திரியில் பாப்பாயி சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தாள். தேவதர்ஷினியைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"படுங்கக்கா. காலையில சாப்டுட்டுத்தானே வந்தீங்க?"

"சாப்டாம வருவேனுங்களா? சத்திரத்துல பஸ் மாறும்போது நாலு இட்லி சாப்டேன். மத்தியானத்துக்கும் சோறு கட்டியாந்தேன், தூக்கு அங்கேயேதான் கெடக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "செடிக்கு ஒண்ணும் ஆகலீங்களே மேடம்?"

"ஒண்ணும் ஆகலக்கா."

"ஒரு வாரம் கழிச்சு வேலைக்குப் போன்னு டாக்டர் சொல்றாரு. அதுக்குள்ள வேற ஆளு வெச்சுறாதீங்க."

சத்திரம் பேருந்து நிலையத்தில் காட்டூர் பஸ்கள் இரண்டு போயின. தேவதர்ஷினி ஏறவில்லை. போன் அடித்தது. அம்மா.

"ஆர்டர் வந்துச்சாடி?"

"இல்லம்மா."

"என்னதான் சொல்றாங்க?"

"வரேம்மா, வந்து சொல்றேன்."

நின்றபடியே போனில் அறிக்கையைத் திறந்தாள். 'தொழிலாளர் காலை உணவு உண்ணாமல் வந்ததால்' என்று தட்டினாள். அழித்தாள். மூன்றாவது பஸ் வந்து, ஆட்கள் இறங்கி, வேறு ஆட்கள் ஏறினார்கள். 'போதிய உணவு உண்ணாமல் பணிக்கு வந்ததாகத் தெரிகிறது' என்று தட்டினாள். ஒன்றேகால் மணி நேரம் என்ற வரியை எடுத்துவிட்டு அனுப்பினாள். பஸ் நகர ஆரம்பித்திருந்தது. ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஆணை வந்தது. ஆறு மாதம்.

அடுத்த தொட்டிகள் பூக்கத் தொடங்கியபோது நூல் கட்டப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். அன்று காலை எலக்ட்ரீஷியன் சேக் மைதீன் கூடாரக் கதவுக்கு மேலே அலாரம் பொருத்திக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நிமிஷத்துக்கு மேல திறந்திருந்தா கத்தும் மேடம். ஆபீஸ் வரைக்கும் கேக்கும். டெஸ்ட் பண்ணிரலாம், அப்படியே திறந்து வைங்க."

தேவதர்ஷினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து கேட் நேராகத் தெரிந்தது. பாப்பாயி தூக்குவாளியோடு நின்றிருந்தாள். பெரியண்ணன் கையை விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தது இங்குவரை கேட்டது.

"நான் என்னம்மா செய்யறது? சாப்பிடாம வர்ற ஆளை விடக் கூடாதுன்னு ஆபீஸ்ல எழுதியிருக்காங்க."

"யாரு சாப்பிடாம வந்தது? மேடத்துக்குத் தெரியுமே. அந்தா நிக்கிறாங்க, கேளுங்க." பாப்பாயி இந்தப் பக்கம் கையை நீட்டினாள். "மேடம்! மேடம், நீங்க சொல்லுங்க..."

அலாரம் கத்தியது. மரத்திலிருந்து காக்கைகள் எழுந்தன. கேட்டில் பாப்பாயியின் வாய் மட்டும் அசைந்தது.

சேக் மைதீன் காதைப் பொத்திக்கொண்டு ஏணியிலிருந்து கத்தினார். "மூடுங்க மேடம்! மூடினாத்தான் நிக்கும்!"

தேவதர்ஷினி உள்ளே நுழைந்து கதவை இழுத்து மூடினாள். சத்தம் நின்றது. பாலித்தீனுக்கு அப்பால் கேட்டில் நின்ற உருவம் கலங்கலாகத் தெரிந்தது. அது அங்கேயே நிற்கிறதா, போய்க்கொண்டிருக்கிறதா என்று உள்ளேயிருந்து சொல்ல முடியவில்லை.